கதவுக்கு அடியில் வந்த ரசீது

சிகாகோ புறநகர்
அக்டோபர் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்காலுக்குத் தைலம் தவறாமல் தேய்க்கிறீர்களா? நான் நலம், இரண்டு கிலோ கூடியிருக்கிறேன்.

குடியேற்ற அதிகாரிகள் எங்கள் பகுதிக்கும் வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பயப்படாதீர்கள். அவர்கள் வண்டியைக் கண்டால் ஊதி எச்சரிக்க இங்கே எல்லோர் கழுத்திலும் விசில் தொங்குகிறது. சனிக்கிழமை கறுப்புக் கண்ணாடி வைத்த வண்டி ஒன்று எங்கள் வாசலில் நின்றதும் தெரு முழுக்க விசில் காதைப் பிளந்தது. என் வீட்டுக்கார அம்மா டோரதிக்கு எழுபத்தைந்து வயது. கதவைத் திறக்காமலேயே கத்தினார்: "நீதிபதி கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தா அடியில தள்ளுய்யா! இல்லேன்னா நடையைக் கட்டு!"

கதவுக்கு அடியில் பூக்கடை ரசீது வந்தது.

"தாயே, பூ கொண்டாந்திருக்கேன்! வாடிடப் போகுது!" என்றான் வந்தவன், அழாக்குறையாக.

என் பிறந்தநாளுக்கு நீங்கள் சொல்லிவைத்த மஞ்சள் ரோஜா! தெருவே சிரித்தது. அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினார்கள். இப்படிப்பட்ட தெருவை யாரால் அசைக்க முடியும்?

மிளகாய் வற்றல் தீர்ந்துவிட்டது. அத்தை வரும்போது கொடுத்தனுப்புங்கள். இனி எதை அனுப்பினாலும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அம்மா. ரோஜா அழகாகத்தான் இருந்தது. டோரதி மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் நான் குளியலறைத் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மரிக்ரூஸ்