நான் கனடா போகவில்லை

3 மார்ச், திங்கள்
சிறையிலிருந்து வந்தவர்களைத் திரும்பச் சனத்தோடு சேர்த்துவிடும் கோர்ட் திட்டத்தில் இன்று என் மூன்றாவது தவணை. குடிக்கவில்லை, வகுப்புத் தவறவில்லை. நீதிபதி அம்மாவுக்குத் திருப்தி. பிறகு போட்டாரே ஒரு குண்டு: அடுத்த முறை என்னைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவர வேண்டும். குடும்பத்தவர் கூடாது. ஒருவரும் இல்லையென்றால் திட்டத்தில் என் இடம் நிலைக்காது.

யாரைக் கூட்டிப்போக? குடித்துவிட்டுக் காரோட்டி ஒரு மனிதரின் காலை முறித்து, பதினான்கு மாதம் உள்ளே இருந்தேன். லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாம் சனத்துக்கோ நான் அவ்வளவு நாளும் கனடாவில்! உபயம், என் கணவர் குகதாசன்.

8 மார்ச்
மரக்கறிக் கடையில் ஒருவர்: "ரொறன்ரோவில ஸ்னோ கடுமையோ?" கடுமை என்றேன். சீ, எவ்வளவு சுலபமாக வருகிறது!

9 மார்ச்
"சொன்னா எங்கட சனம் முகம் பாக்காது" என்கிறார் குகதாசன். பார்க்காதவர் பார்க்காமல் போகட்டும். நான் சொல்லத்தான் போகிறேன்.

15 மார்ச், சனி
பத்து வருடமாக எனக்குப் பிளவுஸ் தைக்கும் தவமலர் அக்காவின் கடை. அளவு நாடாவை என் தோளில் வைத்தபடி, "கனடாச் சாப்பாடு ஒத்துவரேல்லையோ? மெலிஞ்சுபோனீர்" என்றார்.

"கனடா இல்லை அக்கா. ஜெயில்."

காரணத்தையும் சொன்னேன். நாடா அப்படியே நின்றது.

"அந்த மனிசன் இப்ப நடக்கிறாரோ?"

"ஓம். தடியோட."

"ம். கையைத் தூக்கும்." அளவை எழுதினார். கோர்ட்டுக்கு வரமுடியுமா என்று கேட்டேன்.

"எத்தினை மணிக்கு?"

அவ்வளவுதான். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

31 மார்ச், திங்கள்
அக்கா கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பட்டுச்சேலையில் வந்தார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை பொறுக்காமல் என்னைக் கையால் காட்டிப் பேசினார்: "பிழை விட்டவ. தானா வந்து சொன்னவ. வாற திங்கள் தொடக்கம் என்ர கடையில வேலை செய்யட்டும்." வேலை விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும்! திட்டத்தில் என் இடமும் நிலைத்தது.

12 ஏப்ரல், சனி
கடையில் என் முதல் சனிக்கிழமை. முன்பு எங்கள் பக்கத்து வீட்டில் இருந்து, இப்போது லண்டனின் மறுகோடியில் சட்டனில் இருக்கும் சுசிலா அன்ரி சேலைக்கு ஓரம் அடிக்க வந்தார். "நீர் கனடாவில எல்லோ இருந்தனீர்?"

"நான் கனடா போகவேயில்லை அன்ரி." முழுவதையும் சொன்னேன்.

அன்ரி சேலைப் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். திரும்பி வந்தார்.

"என்ர மகனும் உள்ளுக்கை இருந்திட்டுப் போன மாசம்தான் வந்தவன். நாங்கள் அவுஸ்திரேலியா எண்டு சொல்லி வைச்சிருக்கிறம். வீட்டைவிட்டு இறங்கிறானில்லை. வியாழன் அவனுக்கும் அந்தக் கோர்ட். தெரிஞ்ச ஆரையாவது கூட்டிக்கொண்டு வரட்டாம்… உமக்கு அவனைச் சின்னனிலயிருந்து தெரியும்தானே?"

"எத்தினை மணிக்கு அன்ரி?" என்றேன்.