அதே சீட்டு, அடுத்த அறை

ஸ்வென்போர்,
3 பிப்ரவரி 2014

அன்புள்ள பிரேபனுக்கு,

முழங்கால் வலி தேவலையா? விவாகரத்தாகி ஆறு வருடம் கழித்து நான் எழுதும் முதல் கடிதம் போக்கர் சீட்டாட்டத்தைப் பற்றியது என்றால் சிரிப்பாய். நான் போக்கர் கோப்பை ஜெயித்த அன்று நம் சீட்டாட்ட மன்றத்தில் எல்லார் முன்னாலும், "அவளுக்குச் சீட்டு நல்லா விழுந்துச்சு, அவ்வளவுதான்" என்றாயே, அது இன்னும் ஆறவில்லை.

இப்போது இங்கே அதிர்ஷ்டத்தை வெளியே நிறுத்திவிட்டோம். இரண்டு அறைகள், இரண்டிலும் ஒரே வரிசையில் அடுக்கிய சீட்டுக்கட்டுகள். இந்த அறையின் மூன்றாம் நாற்காலிக்கு வருகிற சீட்டேதான் அந்த அறையின் மூன்றாம் நாற்காலிக்கும். ஒவ்வொரு ஆட்டத்தையும் எல்லாரும் சம அளவு பந்தயச் சில்லுகளோடு தொடங்குவோம். அதே சீட்டை வைத்து யார் அதிகம் சில்லு சேர்க்கிறார் என்பதுதான் புள்ளிக் கணக்கு.

மார்ச் எட்டாம் தேதி வா. ஆளுக்கொரு அறையில், நம் இருவருக்கும் மூன்றாம் நாற்காலி. நீ தோற்றால் எழுந்து நின்று, அந்தக் கோப்பை என் ஆட்டத் திறமைக்குக் கிடைத்தது என்று சொல்லிவிடு.

யூட்டெ

எஸ்பியர்,
11 பிப்ரவரி

பிரியமுள்ள யூட்டெ,

வருகிறேன். முழங்கால் தேவலை, வாய் எப்போதும் போல. நீ தோற்றால் கோப்பை ஒரு வருடம் என் ஜன்னலில் இருக்கும். தோற்றவர் கேக் கொண்டுவரும் மன்றத்து வழக்கமும் நினைவிருக்கிறது. பாதாம் தாராளமாகப் போடு.

பிரேபன்

ஸ்வென்போர்,
10 மார்ச்

பிரேபன்,

நாற்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றாய். எழுந்து நின்றாய். எல்லாரும் காத்திருந்தோம். பழக்கதோஷத்தில் உன் வாயில் வந்தது, "அவளுக்குச் சீட்டு நல்லா விழுந்துச்சு." அதே சீட்டு உனக்கும் விழுந்திருக்கிறதே என்று மன்றமே சிரித்தது. நானும் சிரித்தேன், தப்புதான். நீ மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அதுதான் வலிக்கிறது. இரண்டு அறைகளின் ஆட்டக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

யூட்டெ

எஸ்பியர்,
19 மார்ச்

பிரியமுள்ள யூட்டெ,

இருபத்துநாலாம் ஆட்டத்தை நாலு தரம் படித்தேன். நம் இருவர் கையிலும் ஒரு ராஜாவைத் தவிர ஒன்றுமில்லை. ஐந்தாம் நாற்காலிக்காரர் எல்லாச் சில்லுகளையும் தள்ளியதும் நான் பயந்து சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டேன். உன் மேஜையிலும் அதேபோல் தள்ளியிருக்கிறார்கள். நீ விலகாமல், சரிக்குச் சரி சில்லு வைத்து நின்றாய். ஐந்தாம் நாற்காலியின் சீட்டில் ஒன்றுமே இல்லை, வெறும் மிரட்டல்; உன் ராஜாவே ஜெயித்துவிட்டது.

கோப்பை ஆட்டத்திலும் இப்படித்தான் நின்றாய். நான் அதை அதிர்ஷ்டம் என்றேன். அது பொறாமை. நீ என்னைவிட நன்றாக ஆடுகிறவள். இதையே எழுதி மன்றத்துப் பலகையில் ஒட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த போட்டிக்கு இரண்டு பேர் கொண்ட அணிகளாமே. ஒரே அணிக்காரர்கள் ஒரே மேஜையில் உட்காரக் கூடாது என்று விதியாம். நமக்காகவே எழுதியது போல இருக்கிறது. என்னை உன் அணியில் சேர்த்துக்கொள்வாயா?

பிரேபன்

ஸ்வென்போர்,
24 மார்ச்

அன்புள்ள பிரேபனுக்கு,

பலகையில் படித்தேன். எல்லாரும் போன பிறகு இன்னொரு தரமும் படித்தேன். மனசு நிறைந்துவிட்டது.

நம் இருவர் பெயரையும் ஒரே அணியாகக் கொடுத்தாகிவிட்டது. நீ முதல் அறை, நான் இரண்டாம் அறை. போன தடவை தோற்றதற்குப் பாக்கியிருக்கும் கேக்கை நீதான் கொண்டுவர வேண்டும்.

காப்பிக்கு மட்டும் ஒரே மேஜை.

யூட்டெ