கேட்காமல் வந்து உட்கார்ந்தது

அன்பு மகன் தீபனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீயும் அன்பரசியும் குழந்தையும் அந்தக் குளிரில் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறாள். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் என் குரல் உடைந்துவிடும், நீ பதறிப்போவாய், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பின்கட்டுக் கூரைக்குத் தகரம் மாற்றியாயிற்று. நவமணி அத்தை மகனுக்கு ரவாங்கில் பேக்டரி வேலை கிடைத்துவிட்டது. இதெல்லாம் சும்மா, நான் சொல்ல வந்தது ஐயாவு சித்தப்பா விஷயம்.

நீ வாங்கித் தந்த லேப்டாப்பில் எதைத் திறந்தாலும் 'இந்த ப்ளக்-இன்னைப் போடவா' என்று முதலில் கேட்டுக்கொண்டே இருந்தது உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு தடவையும் வேலை நேரத்தில் உனக்குப் போன் செய்து உயிரை எடுத்தேன். கடைசியில், கேட்கவே வேண்டாம், தேவையான அந்தக் குட்டிப் புரோகிராம்களை அதுவே போட்டுக்கொள்ளட்டும் என்று சொன்னதும் நான்தான். அது பாதுகாப்பில்லை என்று நீ சொன்னாய், நான்தான் விடவில்லை, நீயும் அங்கிருந்தபடியே மாற்றிக் கொடுத்தாய். ஆகவே இதில் உன் தப்பு எதுவும் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. சித்தப்பா தினமும் நாலு மணிக்கு வந்து அதில் பேப்பர் படிப்பான், எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தால்தான் அவனுக்குக் கண் தெரியும். நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்த தோட்டத்தில் லோரி ஓட்டியவன், நாற்பது வருடப் பழக்கம், என் வீட்டில் எதையும் கேட்டு எடுத்தவனில்லை. மாசி மாதம் தீமிதிப் படங்களைப் பார்க்கக் கோயில் கமிட்டி தங்கராஜுவும் நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க அசிங்கமான படங்கள் வந்து நின்றன. அந்த லேப்டாப்பைத் தொடுவது நானும் ஐயாவுவும்தான். அத்தனை பேர் முன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பாவைப் பார்த்து, "பொண்டாட்டி போய் நாலு வருஷம் ஆச்சு, இந்த வயசுல உனக்கு ஏன்யா இந்தப் புத்தி" என்று கேட்டுவிட்டேன். "நான் அந்த மாதிரி எதையும் தொறக்கல, ஆனந்தா" என்றான். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான், அடுத்த வாரமே கெர்லிங்கில் இருக்கும் தன் மகள் தனேஸ்வரி வீட்டோடு போய்விட்டான்.

அவன் போன பிறகும் அந்தப் படங்கள் வந்தன. டவுனில் கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப்பெண் ஷர்மினி பார்த்துவிட்டு, "அங்கிள், ஏதோ பாட்டு பேஜ் தொறந்திருக்கீங்க, இந்த ப்ளக்-இன் அதுலேர்ந்து கேக்காமலே வந்து உக்காந்துகிச்சு லா, இந்தா தேதி" என்று காட்டினாள். அது தைப்பூச நாள். சித்தப்பா அன்று பத்துமலையில் இருந்தான். வீட்டில் உட்கார்ந்து முருகன் பாட்டுத் தேடியது நான்.

மூன்று பஸ் மாறி கெர்லிங் போனேன். எல்லாவற்றையும் சொல்லி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "விடுப்பா, மெஷின் செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவே" என்று சொல்லி மகளிடம் தேநீர் போடச் சொன்னான். மனம் கொஞ்சம் லேசானது. பேத்தி பல் முளைத்த படத்தைப் பார் என்று என் போனை நீட்டினேன். ஐயாவு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, "நீயே காட்டு" என்றான். தீபா, அதற்கப்புறம் அந்தத் தேநீர் எனக்கு இறங்கவில்லை.

முருகன் உங்கள் மூன்று பேரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். லேப்டாப்பைப் பழையபடி மாற்றிவிடு, நூறு தடவை கேட்டாலும் கேட்கட்டும், நான் உனக்குப் போன் செய்கிறேன். சித்தப்பாவுக்கும் ஒருநாள் பேசு, குழந்தையின் குரலைக் கேட்கவிடு. நான் சொல்லித்தான் பேசுகிறாய் என்று மட்டும் அவனுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சிவானந்தம்
கோலா சிலாங்கூர்