ஜவ்வாது மலையில் நான் காரைவிட்டு இறங்காத காரணம்

புதுச்சேரி,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

சுடர்விழிக்கு,

அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை தீபலட்சுமியும் சுகமாக இருப்பீர்கள், இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். நீ லியோனுக்குத் திரும்பிப் போனதிலிருந்து வாய் திறக்காமல் இருந்தேன், இருந்தது போதும். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு மஞ்சள் பொம்மையைச் சிரிக்கவிட்டுப் பேச்சை முடித்துவிடுவாய், அதனால் தாளில் எழுதுகிறேன்.

மார்கழி லீவுக்கு வந்தவள், அம்மா இருந்தபோது நாம் நாலு பேரும் வேனில் போன அதே வழியில் ஒருமுறை போய் வரலாம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர், ஜவ்வாது மலை, சும்மா பழசை நினைச்சிக்கினு வரலாம்ப்பா என்றாய். நானும் முட்டாள் மாதிரி ஸ்வெட்டரைத் தேடி எடுத்து வைத்தேன். காலமெல்லாம் காலேஜில் சரித்திரம் நடத்தியவன், ஒரு சதியைக்கூட முன்கூட்டிக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. செஞ்சியில் நீ கோட்டையைப் பார்க்கவே இல்லை, கோட்டைக்கு முன்னால் நிற்கும் உன்னைத்தான் போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். பிரெஞ்சுக்காரன் பிடித்துப் பத்து வருஷம் வைத்திருந்து பறிகொடுத்த இடம் இது என்று சொல்ல வாயெடுத்தேன், அப்பா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது என்றாய். திருவண்ணாமலையில் கோயிலுக்கு உள்ளே போக நேரமில்லை, வெளியே கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டோம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், பழசை நினைக்க வந்தவளுக்கு இவ்வளவு அவசரம் எதற்கு என்று. போளூரில் டீ குடிக்கும்போது டிரைவர் சின்னக்கண்ணு என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அரியாங்குப்பத்தில் இருக்கும் உன் அத்தை சுலோசனாவுக்கும் தெரிந்திருக்கிறது, தெரியாதவன் நான் ஒருவன்தான்.

மலை அழகாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். வளைவுக்கு வளைவு பனி விலகி, கீழே போளூர்ப் பக்கத்து ஏரியெல்லாம் தட்டுத் தட்டாகத் தெரிந்தது. உன் அம்மா அன்றைக்கு அதைப் பார்த்துத்தான் புளிசோற்று டப்பாவைத் திறக்க மறந்தாள். அதை நினைத்துக்கொண்டு வருகிறேன், கார் நிற்கிறது, சாமை வயலோரம் ஓட்டுக் கூரை போட்ட ஒரு தங்கும் விடுதி, வாசலில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு உன் தம்பி இளம்பரிதி.

உன் அம்மா வரலட்சுமியின் கருமாதி அன்று திருக்காஞ்சி ஆற்றங்கரையில் நடந்ததை நீ மறந்திருக்கலாம். சொந்தபந்தமெல்லாம் நிற்கிறது, நாவிதர் தண்ணீர் தெளித்துக் கத்தியோடு காத்திருக்கிறார், ஒரே பிள்ளை, பெற்ற தாய்க்கு மொட்டை போட வேண்டியவன் எழுந்து நின்று, "மயிருல என்னப்பா இருக்குது" என்றான். அவன் இடத்தில் நான் உட்கார்ந்து தலையைக் கொடுத்தேன். அன்றைக்கே வாசற்படி மிதிக்காதே என்றேன். என்ஜினியர் வேலையை விட்டுவிட்டு மலைமேல் வருகிறவன் போகிறவனுக்குச் சாமைச் சோறு வடிக்கப் போய்விட்டான். அப்பேர்ப்பட்ட பகுத்தறிவாளன் ஆவணியில் உன் மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமனாகப் பட்டு வேட்டி கட்டி மடி கொடுப்பானாம், அதற்கு என்னைச் சம்மதிக்க வைக்கத்தான் நீ இந்தப் பயணமே போட்டிருக்கிறாய். தாய்க்கு மயிர் கொடுக்காதவன் மருமகளுக்கு மடி கொடுக்கிறான், கேட்கவே நன்றாக இருக்கிறது. ஒன்றுவிட்ட தம்பி செல்வகுமார் இருக்கிறானே என்றதற்கு நீ சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது, "கூடப் பொறந்தவன் இருக்கச்சே நான் எதுக்குப்பா இன்னொருத்தன் மடியத் தேடணும்?"

அதனால்தான் இறங்கவில்லை. அவன் ஜன்னலருகே குனிந்து, வாங்கப்பா, கூழாவது குடிச்சிட்டுப் போங்க என்றான், நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். வெளியே உன் இடுப்பில் இருந்த குழந்தை கைநீட்டி அவன் குல்லாயைப் பிடுங்கியதும், அடியில் மொட்டைத்தலை இருந்ததும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. வருஷா வருஷம் அம்மா திதிக்கு மொட்டை போடுறாம்ப்பா, உங்ககிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கினான் என்று இறங்கும் வழியெல்லாம் அழுதாய். ஊர் பார்க்க மறுத்ததை ஒருவரும் பார்க்காத மலையில் செய்வது என்ன வீரம்? மார்கழியில்தான் அவள் திதி என்பதாவது அவனுக்கு நினைவிருக்கிறதே, அதுவரைக்கும் சரி. காதுக்கு மேலே கத்தி பட்ட கீறல் வேறு இருந்தது. அங்கே கத்தி பிடிக்கத் தெரிந்த ஆள் கிடையாது போலிருக்கிறது, அடுத்த வருஷமாவது கீழே போளூருக்கு இறங்கி வந்து போடச் சொல். மலைக்குளிரில் அந்தக் கீறல் லேசில் ஆறாது.

இப்போது என் முடிவு. காது குத்தலை மலையிலோ லியோனிலோ ரகசியமாக வைக்கக் கூடாது. இங்கே நம் குலதெய்வக் கோயிலில், திருக்காஞ்சியில் நின்ற அத்தனை பேரையும் பத்திரிகை வைத்து அழைத்து, அவர்கள் முன்னால் அவன் மடியிலேயே குத்து. அன்றைக்கு எழுந்து நின்றவன் இன்றைக்கு ஒழுங்காக உட்கார்கிறானா என்று எல்லாரும் பார்க்கட்டும், நானும் பார்க்கிறேன். அதற்காக அவனோடு பேசுவேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

குழந்தைக்கு இருமல் விட்டதா என்று எழுது. தலைக்கு ஊற்றினால் உடனே துவட்டு, அந்தப் பிரான்ஸ் குளிரை நம்பாதே. பெரிய மார்க்கெட்டில் உனக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன், வருகிறவர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புகிறேன். மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ என் ஆசி. டிக்கெட் போட்டதும் தேதி சொல்ல மறக்காதே.

கீழே 'உன் அப்பா' என்று எழுதப் போய் நிறுத்திவிட்டேன். இதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பத்தான் போகிறாய், அந்தச் சொல்லை அவன் தனக்கும் சேர்த்துப் படித்துக்கொள்வான், அந்த அளவுக்கு நான் இன்னும் இறங்கவில்லை. 'சுடர்விழிக்கு மட்டும்' என்று சேர்த்து எழுதிவிடலாம் என்று பார்த்தேன், அதற்கும் கை வரவில்லை. ஆகவே கையெழுத்துப் போடாமலே ரங்கப்பிள்ளை வீதித் தபாலாபீசில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.