மூன்றாவது புட்டி

ஜூன் 4

அன்புள்ள சின்னவளுக்கு, அப்பா சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா எழுதுவது.

நீ வீட்டில் செய்து அனுப்பும் முகம் கழுவும் நுரை, மூன்றாவது புட்டியும் வந்து சேர்ந்தது. நாற்பத்தோரு வருஷம் சலூனில் அடுத்தவர் தாடைக்கு நுரை போட்டவன் சொல்கிறேன், நுரையில் குறையில்லை. மெத்தென்று நிற்கிறது. வாசனைதான் இடிக்கிறது. ஜனவரியில் வந்த புட்டியில் ரோஜா, முகத்தைத் துடைத்த பிறகுதான் தெரிந்தது. ஏப்ரலில் வந்தது, கழுவும்போதே தெரிந்தது. இது பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே வாசலுக்கு வந்துவிட்டது. தபால்காரர், "என்ன பெரியவரே, வீட்ல கல்யாணமா?" என்கிறார். கை தவறிவிட்டதா?

அம்மா நலம்.

அப்பா

ஜூன் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

கை தவறவில்லை. வாங்குகிறவர்கள் தூக்கலாகக் கேட்கிறார்கள். காய்ச்சி வடித்த தண்ணீர், கிளிசரின், தேங்காயிலிருந்து எடுத்த நுரைப்பொருள், கெட்டுப்போகாமலிருக்கச் சேர்ப்பது, எல்லாம் தராசில்தான். கடைசியில் விடும் வாசனை மட்டும் மூக்கால். உங்களிடம் கற்றதுதானே.

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டேன். இனி இதுவேதான் என் பிழைப்பு. திட்டாதீர்கள். அம்மா ஏன் புட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை?

உங்கள் சின்னவள்

ஜூலை 2

கண்ணு,

அம்மா சொல்லாததை நான் சொல்கிறேன். இரண்டு கன்னமும் சிவந்து தடித்திருக்கிறது. "எழுதாதீங்க, பிள்ளை மனசு ஒடைஞ்சிடும்" என்று முந்தானையால் மூடிக்கொண்டு திரிகிறாள். நேற்று வெயிலில் உட்காரவைத்துப் பார்த்தேன். முகம் பார்ப்பது என் தொழில், என்னிடமா மறைப்பது?

பிப்ரவரியில் காய்ச்சலில் பத்து நாள் படுத்தாய். மார்ச்சில், இந்த ஊர்க் காபி வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று எழுதினாய். மே மாதம் கெட்டுப்போன பாலைத் தெரியாமல் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டாய். எனக்கு எழுத்து தெரியாது, அதனால் எதையும் மறக்கவும் தெரியாது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

உனக்கு வாசனை தெரிகிறதா?

தையல்காரம்மா, "இதை எழுதணுமா?" என்கிறார். எழுதச் சொல்லிவிட்டேன்.

அப்பா

ஜூலை 18

அப்பா,

தெரியவில்லை. பிப்ரவரியிலிருந்தே. வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் ஏதோ தெரிகிற மாதிரி இருக்கும்வரை ஊற்றினேன். தெரிந்தது மூக்கெரிச்சல்தான். வாங்கியவர்களிடமிருந்து புட்டிகளைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். அம்மாவின் கன்னத்துக்கு என்ன பதில் சொல்வேன்?

போன வாரம் அடுப்பில் சட்டி கருகி, எதிர்வீட்டுக்காரர் கதவை இடித்த பிறகுதான் எனக்குத் தெரியும். தூங்கிவிட்டேன் என்று பொய் சொன்னேன். கையில் புத்தகத்தோடு அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று சிறிய புட்டிகள் அனுப்புகிறேன். ஒரு ரப்பர் வளையம் போட்டதில் மூன்று துளி, இரண்டு போட்டதில் ஆறு, மூன்று போட்டதில் ஒன்பது. முகர்ந்து பார்த்து எது சரி என்று சொல்லுங்கள். அம்மா தொட வேண்டாம். எனக்கு இப்போது உங்கள் மூக்குதான்.

சின்னவள்

ஆகஸ்ட் 5

கண்ணு,

ஒற்றை வளையம்தான் சரி. மூன்று துளி. எழுதி வைத்துக்கொள், இனி மூக்கைக் கேட்காதே. அம்மா கன்னத்துத் தடிப்பு வற்றிவிட்டது.

புட்டியை முகர்ந்து சொல்லிவிட்டேன். உன் அடுப்பை இங்கிருந்து எப்படி முகர்வேன்? நான்கு நாளாக, இங்கே பக்கத்து வீட்டில் எது தீய்ந்தாலும் எழுந்து ஓடுகிறேன். ஓடிப்போய்ப் பார்த்தால் உன் வீடு இல்லை.

கேஸ் கசிந்தால் கத்துகிற பெட்டி ஒன்று கடையில் விற்கிறதாம். வாங்கி மாட்டு. அடுப்பைப் பற்றவைத்தால் அணைக்கும்வரை முன்னாலேயே நில். பாலில் தேதி பார். இதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த முறை வாசனையே விடாத புட்டி ஒன்று அனுப்பு. அம்மாதான் கேட்கிறாள். "அவளுக்கு இல்லாத வாசனை நமக்கெதுக்கு?" என்கிறாள். அதிலேயே நாங்கள் இரண்டு பேரும் முகம் கழுவிக்கொள்வோம்.

எதிர்வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவர் கதவைத் தட்டினால், என்ன வேலையாக இருந்தாலும் எழுந்து போய்த் திற.

அப்பா