மாப்ளே, உன் ரத்தத்தைப் படித்துவிட்டார்கள்

அன்பு மாப்ளே சௌந்தர்,

நீ போன பிறகு வரும் நாலாவது ஏலக்காய்ப் பருவம் இது. போடியில் என் ஏலக்காய்க் கடையில் மூட்டைகள் கூரையைத் தொடுகின்றன. உன் ஜீப்பை வாங்கியவர் இப்போதும் அதில்தான் தோட்ட வேலையாட்களைப் போடிமெட்டுக்கு ஏற்றிப் போகிறார். என் தங்கை செல்வி நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொள்கிறாள். உன் மகள் யாழினி மதுரையில் கல்லூரி இரண்டாம் வருடம்.

உன் ரத்தத்தைப் படித்துவிட்டார்கள், மாப்ளே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதற்கு முன், நீ இருந்தபோது நான் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை எழுதியாக வேண்டும்.

உன் கால்கள் பின்னத் தொடங்கிய வருடம் அது. பேச்சும் குழறியது. சரக்கு எடுக்க மலைமேலே வந்திருந்த நான், போடிமெட்டில் உன் ஜீப்பிலிருந்து ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தபோதே உன் சட்டையைப் பிடித்தேன்.

"வாயை ஊது மாப்ளே."

"சத்தியமா குடிக்கலை மச்சான்."

"ஊதுடான்னா!"

நீ ஊதினாய். கட்டங்காப்பி வாசம் மட்டும்தான் வந்தது. அப்போதும் நான் நம்பவில்லை. உன் அப்பாவும் அப்படித்தான் தள்ளாடினார். ஊரே அவரைக் குடிகாரர் என்றது. நேரே உன் வீட்டுக்குப் போய் செல்வியிடம், "குடிச்சுட்டு வண்டி ஓட்டுறான், என் கண்ணால பார்த்தேன்" என்றேன். அவளையும் பிள்ளையையும் ராசிங்காபுரத்துக்கு, என் வீட்டுக்கு அழைத்துப் போனேன். எட்டு மாதம் உன்னிடம் அனுப்பவில்லை.

பிறகு மதுரை டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொன்னார்: உன் சிறுமூளை சுருங்கிக்கொண்டே வருகிறது, இது பரம்பரையாக வரும் நோய். அன்று ஆஸ்பத்திரி வாசலில் நீ என்னைத் திட்டுவாய் என்று காத்து நின்றேன். "டீ குடிப்போமா மச்சான்?" என்றாய். ஏன் திட்டவில்லை?

வழக்கமான மரபணுச் சோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை. அதனால்தான் பெங்களூரிலிருந்து மீரா என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். உன்னிடமும், உன்னைப் போலவே தள்ளாடியபடி மெட்டுக்கு அந்தப் பக்க ஏலத்தோட்டத்திலிருந்து வந்திருந்த, உன் அப்பாவோடு பிறந்த அத்தையிடமும் ரத்தம் எடுத்தார். "நியூட்ரினோ ஆராய்ச்சின்னு பொட்டிபுரத்துல மலையைக் குடையணும்னாகளே, அந்த ஆளுகளா?" என்று அத்தை கேட்க, எல்லோரும் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"இதுனால எனக்கு நடை திரும்புமாம்மா?"

"திரும்பாதுங்க. பொய் சொல்ல மாட்டேன்."

"பரவால்ல, எடுங்க. எம்மகளுக்கு வர்றதா இருந்தா, அதுக்கு முன்னாடி நீங்க காரணத்தைக் கண்டுபிடிச்சிருங்க."

மறு வருடமே அந்த ஆராய்ச்சிக்கான நிதி தீர்ந்துவிட்டது. கூட இருந்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். ரத்தம் உறைபெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று மீரா மட்டும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தம்மா பேசுச்சா மச்சான்?" என்று நீ படுக்கையில் கிடந்தபடி கேட்பாய். சோறு புரையேறி, நெஞ்சில் சளி கட்டி நீ போன அன்றும் பதில் வந்திருக்கவில்லை.

மீரா விடவில்லை. மூன்று முறை விண்ணப்பம் திரும்பி வந்தது. நாலாவது முறை, நோயாளியின் குடும்பத்தில் ஒருவர் பேசட்டும் என்று நிதி தரும் குழு கேட்டது. "நீதாண்ணே பேசணும்" என்றாள் செல்வி.

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். லீவில் வந்திருந்த யாழினி லேப்டாப்பைப் போட்டுத் தந்தாள். பக்கத்தில் செல்வி. குழுவில் தமிழ் தெரிந்த ஒருவர் நிதானமாகக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க. இது சில குடும்பங்கள்ல மட்டும் வர்ற நோய். காரணம் தெரிஞ்சாலும் இப்போதைக்கு மருந்து இல்லை. பணத்துக்குக் காத்திருக்கிற நோய்கள் எத்தனையோ இருக்கு. இதுக்கு ஏன் கொடுக்கணும்?"

நியாயமான கேள்வி. நான் எழுதி வைத்திருந்த தாளில் அதற்குப் பதில் இல்லை. போடிமெட்டில் நடந்ததை அப்படியே சொன்னேன். உன் வாயில் சாராய வாடை இல்லை என்பதையும் சொன்னேன்.

"மருந்து இல்லாட்டியும் நோய்க்கு ஒரு பேரு வேணும்யா. பேரு தெரிஞ்சிருந்தா நான் அவரு கையைப் புடிச்சுக் கூட்டிப் போயிருப்பேன். அந்த எட்டு மாசமும் அவரு பொண்டாட்டி பிள்ளையோட இருந்திருப்பாரு. பேரே தெரியாம மருந்தை எங்கிட்டுப் போய்த் தேடுவீக?"



செல்வி எழுந்து போய்விட்டாள். மூன்றாம் நாள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஊதிக் காட்டுனேன்னு அவரு அன்னைக்கே சொன்னாருண்ணே. நான் உன்னைத்தான் நம்புனேன்."



நிதி வந்தது. கேட்டதில் ஒரு பங்குதான். அதுவும் இரண்டு வருடத்துக்கு மட்டும். உன் ரத்தத்திலும் அத்தை ரத்தத்திலும் இருந்த மரபணு எழுத்துகளை ஒன்று விடாமல் வாசித்தார்கள். ஒரே ஒரு மரபணுவில், ஒரு சிறு துண்டு அளவு மீறித் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறதாம். அவ்வளவுதான் உன் குற்றம். உன் அப்பாவின் குற்றமும் அதுவாகத்தான் இருக்கும். வேறொரு மாவட்டத்தில் இன்னொரு குடும்பத்துக்கும் இதே பிழை இருக்கிறதாம். அவர்களை யார் என்ன பேசினார்களோ?

மருந்து இன்னும் இல்லை. இந்த இரண்டு வருடம் முடிந்தால் என்ன ஆகும் என்று மீராவுக்கும் தெரியவில்லை. அடுத்த விண்ணப்பத்தை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார்.

யாழினிக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. இனி ஒரே சோதனையில் தெரிந்துவிடும். வெரசாகப் பார்த்துவிடலாம் என்று நான்தான் பறந்தேன். அவள் சொன்னாள்: "தெரிஞ்சுக்கிட்டா, அப்புறம் தெரியாத மாதிரி இருக்க முடியாது மாமா. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

கொடுத்திருக்கிறேன். சம்பந்தம் பேச வருகிறவர்கள் கேட்பார்கள். அவளுக்குப் பதிலாக நான் வாய் திறக்க மாட்டேன். என்றைக்காவது அவள் சோதனைக்குக் கிளம்பலாம் என்றால் கூடப் போவேன். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவள் வெளியே வந்து சொன்னால் கேட்பேன். சொல்லாவிட்டால் ஒன்றும் கேட்காமல் அவளோடு நடந்து வருவேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

யாழினியின் தாய்மாமன்,
என்றும் உன் மச்சான்
கதிரேசன்