கோவில் மைக்கில் கேட்ட உன் குரல்

ஹல்துமுல்லை
20.12.2009

அன்பு மகன் பிரவீணனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஓமானில் மலை குடையும் வேலைக்கு நடுவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கிச் சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு இதைத் தொடங்குகிறேன். போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் மலை சரிந்து இறங்கியதையும் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதையும் போனில் சொன்னேன், எப்படித் தப்பினார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. பேப்பருக்கு அனுப்பிய செய்தியிலும் அது இல்லை. மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்ச்சேதம் ஏற்படவில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். பெற்ற பிள்ளையின் பெயரைச் செய்தியில் போடுவது நான் நிருபராக இருந்த இத்தனை வருடத்தில் செய்யாத வேலை. அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. அப்பாவுக்கு மழை வந்தால் முழங்கால் வலி வரும் என்பது உனக்குத் தெரியும், ஆனால் இந்த ஒரு வாரமாக வலியைப் பற்றிப் பேச்சே இல்லை, காலையில் எழுந்ததும் ஸ்கூலில் தங்கியிருக்கிறவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறார். தங்கச்சி ஆர்த்திகா மொனராகலையில் இருந்து போன கிழமை வர முடியவில்லை, வழியில் மண் விழுந்து பஸ் ஓடவில்லை. நேற்றுத்தான் வந்தாள், அவளுடைய ஸ்கூல் பிள்ளைகள் சேர்த்துக் கொடுத்த உடுப்புகளை இரண்டு மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். கொஞ்சம் மெலிந்திருக்கிறாள், கேட்டால் இல்லை என்கிறாள், நீ பேசும்போது கொஞ்சம் கேள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை காலையில் தனேஸ் மாமா மேல் டிவிசன் லயத்து வரிசை வீட்டில் இருந்து சாமான் வாங்கக் கடைவீதிக்கு இறங்கியவன் நம் வீட்டுக்கு வந்து அப்பாவின் சீவுளியைக் கேட்டான். எதற்கு என்றேன். கதவு சாத்த முடியவில்லை, மழைக்கு மரம் ஊதிவிட்டது, அடியைக் கொஞ்சம் சீவ வேண்டும் என்றான். பக்கத்து இரண்டு வீட்டிலும் அதே கதைதான், நான் சீவி முடித்ததும் வாங்கிக்கொள்ள அவர்களும் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தான். போகிற போக்கில், மலை ஊற்றில் இருந்து வரும் பீலித் தண்ணீரும் இரண்டு நாளாகப் பிளேன்டீ மாதிரிக் கலங்கி வருகிறது என்றான். எனக்குக் கதவு பெரிதாகத் தோன்றவில்லை, தண்ணீரைத்தான் செய்தியாக நினைத்தேன். மத்தியானம் நீ போன் எடுத்தபோது அதைக் கேட்கலாம் என்று தொடங்கினேன். செய்தி விஷயமாக யார் பேசினாலும் நீ சொல்லிக்கொடுத்த அந்த ரெக்கோர்ட் பொத்தானுக்குக் கை தானாகப் போய்விடுகிறது, பேசுவது நீ என்றும் பார்க்கவில்லை. இடையில் என்னம்மா டூட் டூட்னு சத்தம் வருது என்று கேட்டாய், மழைப்பா என்றேன். மழை இல்லை, நீ வாங்கி அனுப்பிய போன் பதிவு செய்யும்போது போடும் சத்தம்தான்.

தண்ணீரோடு கதவுக் கதையையும் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. நீ சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதுகிறேன், கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. “கதவு ஊதலம்மா, செவுரு சாயுது. ஒரே வரிசையில மூணு வீட்டுக் கதவு சிக்குதுன்னா அது மரத்தோட கொற இல்ல, கீழ நெலம் நகருது. பீலித் தண்ணியும் கலங்குதுன்னா யோசிக்கவே கூடாது, இன்னைக்கே எறங்கச் சொல்லுங்க, இருட்ட விடாதீங்க.” அதற்குப் பிறகு நீ மாமாவைப் பற்றிச் சொன்னது உனக்கே நினைவிருக்கும், அதைப் பின்னால் எழுதுகிறேன்.

மேல் டிவிசனுக்கு சிக்னல் இல்லை என்பதால் நேரில்தான் போக வேண்டியிருந்தது. பஸீல் நானாவின் மரக்கறி லொறி கடை வாசலில் நின்றது. விஷயத்தைச் சொன்னதும் கோவா மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, “டீசல் கதையெல்லாம் வேணாம் கமலாக்கா, ஏறுங்க” என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உன் மாமா கதவைக் கழற்றிப் போட்டுச் சீவிக்கொண்டிருந்தான், காலடியெல்லாம் மரத்தூள். நான் எல்லாரையும் கூப்பிட்டு நீ சொன்னதைச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, போன வருடம் இரண்டு தடவை இறங்கச் சொல்லி இறங்கினார்கள், ஸ்கூல் தரையில் படுத்தார்கள், ஒரு கல்லும் உருளவில்லை, திரும்பிப் போனபோது கோழிகளைத்தான் காணவில்லை. உன் மாமா நிமிர்ந்து, “அக்கா, ஒங்க பேப்பருக்கு நியூஸ் வேணும்னா வேற லயத்தப் பாருங்க, நாங்க ஓடி ஓடிக் களச்சிட்டோம்” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்து கூடையோடு நின்ற ஒரு பெண், “தம்பி சொன்னிச்சுன்னு நீங்க சொல்றீங்கம்மா, தம்பி சொன்னத நாங்க கேட்டமா?” என்றாள். கேள்வி நியாயமானது. யார் சொன்னது, நீ உன் காதால் கேட்டாயா என்று நானும் ஊரில் எல்லாரையும் கேட்கிறவள்தானே. அப்போதுதான் என் பைக்குள் உன் குரல் இருப்பது நினைவுக்கு வந்தது.

போனில் போட்டேன், தகரத்தில் விழுகிற மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. தனேஸ் மாமாவின் மகள் தர்மிளாதான், “கோவில் மைக்குல புடிப்போம் அத்த” என்றாள். திருவிழாவுக்குக் கட்டிய ஸ்பீக்கர் குழாய் இன்னும் மரத்தில் இருந்தது, கரண்ட் இல்லை. பஸீல் நானா லொறி பெட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் மாட்டினார். தர்மிளா போனைச் சொப்பிங் பையில் சுற்றி மைக்கோடு சேர்த்துப் பிடித்தாள். தேவையான இடத்தை மட்டும் எடுத்துப் போட எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன், ஒருவர் பேசியதைப் பாதியில் வெட்டினால் அது அவர் பேச்சு இல்லை. அதனால் முதலில் இருந்தே வந்தது. அம்மன் கோவில் குழாயில் நீ “சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டாய். முதலாம் லயத்தில் இருந்து ஒரு கிழவி “சாப்பிட்டோம்யா!” என்று பதில் சொன்னாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கதவுப் பேச்சு வந்துவிட்டது. ஒவ்வொருவராகத் திரும்பித் தங்கள் வீட்டுக் கதவைப் பார்த்ததை நான் பார்த்தேன். தகரத்தில் மழை மட்டும்தான் கேட்டது, இடைக்கிடை உன் டூட் சத்தம்.

பிறகு மாமாவின் பங்கு வந்தது. “ஊரே எறங்கினாலும் தனேஸ் மாமா எறங்க மாட்டாரும்மா. மாமிய அனுப்பிட்டு வாழக்கொலைக்குக் காவல் இருப்பாரு. கடவுளே வந்து சொன்னாலும் ஒங்க டிவிசன் எதுன்னு கேப்பாரு.” லயம் முழுக்கச் சிரித்தது, மாமிதான் பெரிதாகச் சிரித்தாள். உன் மாமா சீவுளியைப் பிடித்தபடி நின்றான், முகம் கறுத்துவிட்டது. ஐயோ, இதை நிறுத்தியிருக்கலாமோ என்று ஒரு நிமிடம் எனக்கும் தோன்றியது. அதற்குள் அடுத்தது வந்தது. “அஞ்சாம் வகுப்பு வரைக்கும் மழ வந்தா என்னத் தோள்ல தூக்கிட்டு ஆத்தத் தாண்டி ஸ்கூல்ல விட்ட மனுசம்மா அவரு. அவரு உள்ள இருக்கையில அந்தச் செவுரு விழுந்தா நா இங்க இருந்துக்கிட்டு என்னா செய்வேன்?” அந்த இடத்தில் உன் குரல் உடைந்தது தம்பி. போனில் எனக்குக்கூட அது சரியாகக் கேட்கவில்லை, குழாயில் நன்றாகக் கேட்டது.

மாமா சீவுளியைத் துடைத்து என் கையில் கொடுத்தான். உள்ளே போய் மாமியின் தகரப் பெட்டியைத் தூக்கி லொறியில் வைத்தான். பிறகு வீடு வீடாகப் போய் ஒவ்வொரு கதவையும் தட்டி, “எறங்குங்கடா, எம் மருமகன் சொல்லிட்டான்” என்று கத்தினான். கழுத்து நரம்பு புடைக்க அவன் கத்தியதை மைக் இல்லாமலே எல்லாரும் கேட்டார்கள். வாழைக்குலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருட்டுவதற்குள் லொறி மூன்று நடை போய் வந்துவிட்டது, மாடுகளையும் அவிழ்த்து ஓட்டிவிட்டார்கள். விடியும்போது மலை இறங்கியது. மாமாவின் லயம் இருந்த இடம் தெரியவில்லை, அடுத்த லயத்தில் பாதி இல்லை. கோவிலும் குழாயும் நிற்கின்றன.

நான் எத்தனையோ மண்சரிவுச் செய்தி எழுதியிருக்கிறேன், எல்லாவற்றிலும் பெயர்ப் பட்டியல் இருந்தது. இந்த ஒரு செய்தியில்தான் எழுத ஒரு பெயரும் இல்லாமல் போனது. அது யாரால் என்று எனக்கும் மேல் டிவிசனுக்கும் தெரியும், அது போதும். அப்பாவும் தேத்தண்ணீர் ஊற்றும் இடத்தில் யாராவது பிரவீணன் தம்பி என்று தொடங்கினால் கையில் இருக்கிற வாளியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்கிறார்.

உன் மாமா தினமும் டோர்ச் சார்ஜ் போட என்று வருகிறான். வந்து, அந்தத் தோள்ல தூக்கின எடத்த மட்டும் போடுங்கக்கா என்கிறான். நான் முதலில் இருந்துதான் போடுகிறேன், வாழைக்குலை வரும்போது உன்னைத் திட்டிக்கொண்டே கேட்கிறான். போனில் இடம் நிறைந்துவிட்டது என்று எழுத்து வருகிறது, இதை அழிக்காமல் வேறெங்காவது மாற்றுவது எப்படி என்று ஆர்த்திகாவுக்குச் சொல்லிக்கொடு. இனி நீ போனில் பயந்து பயந்து பேச வேண்டாம், உன்னைப் பதிவு செய்வதென்றால் சொல்லிவிட்டே செய்வேன்.

அந்தக் கதவு சேற்றின் மேல் கிடந்தது. மாமா கழுவி ஸ்கூலில் சாய்த்து வைத்திருக்கிறான். புது வீட்டுக்கு இடம் தருவதாகச் சொல்லி இரண்டு இடம் காட்டியிருக்கிறார்கள், எல்லாரும் நல்ல நாள் பார்க்கிறார்கள், அவன் மட்டும் பார்க்கவில்லை. “மருமகன் வந்து நெலத்தப் பாத்துச் சொல்லட்டும், அப்புறந்தான் இந்தக் கதவுக்கு நெல வைப்பேன்” என்கிறான். யார் பேச்சையும் கேட்காதவன் உன் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறான். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, பிந்தாதே. எந்த மலை அடியில் வேலை செய்தாலும் அம்மன் உன் தலைக்கு மேல் கையை வைத்திருக்கட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
கமலாதேவி